வந்தவர்கள் கட்டிய சபைகள்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் வந்த சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. பாப்டிஸ்ட் சபைகள் அதில் சேரவில்லை. வடக்கே 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது அங்குள்ள பாப்டிஸ்ட் சபைகளில் ஒரு பகுதி அதில் இணைந்தது. தெற்கே பாப்டிஸ்ட்களாகிய நாம் தனியாகவே நின்றோம்.

பூந்தமல்லி வட்டாரத்து பாப்டிஸ்ட் விசுவாசிகளுக்கான ஒரு மலரில் வரலாறு எழுத வேண்டுமென்றால் அந்த 1947ஆம் ஆண்டுத் தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சபை ஆரம்பித்த நாள், மூலைக்கல் நாட்டிய நாள், போதகர்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் மலரின் மற்றப் பக்கங்களில் வரும். சபைக்கும் சபைக்கும் இடையே இருந்த உறவையோ யாரும் எழுதி வைப்பதில்லை. நமக்குப் பேராயர் இல்லை. போதகரை இடம் மாற்றும் திருமண்டலம் இல்லை. பொதுக் கருவூலமும் இல்லை. ஒவ்வொரு ஸ்தல சபையும் தன் போதகரைத் தானே அழைக்கிறது, தன் கணக்கைத் தானே பார்க்கிறது. ஆகவே இரண்டு பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து ஒரு காரியம் செய்கின்றன என்றால், மேலிருந்து யாரும் சொல்லி அது நடக்கவில்லை. மனது வைத்துச் செய்கிறார்கள் என்று பொருள். இது நம் பலம். நம் பலவீனமும் இதுதான். மனது வைக்காவிட்டால் எதுவுமே நடக்காது.

இந்தச் சுதந்திரத்தை நம் முன்னோர் ஒதுங்கி வாழும் உரிமையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1644இல் லண்டனில் இருந்த ஏழு பாப்டிஸ்ட் சபைகள் ஒரே விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டன. ஏழும் தனித்தனிச் சபைகள், அறிக்கை ஒன்று. 1784இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் வட்டாரச் சபைகள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூடி உலகத்துக்காக ஜெபிப்பது என்று முடிவு செய்தன. எட்டு ஆண்டு ஜெபத்துக்குப் பிறகு, 1792 அக்டோபர் 2 அன்று, கெட்டரிங் என்ற சிறிய ஊரில் ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் கூடியவர்கள் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் காணிக்கை வாக்களித்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு வில்லியம் கேரி வங்காளம் வந்து சேர்ந்தார். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிறிய ஊர்களின் போதகர்கள். எந்த ஒரு சபையும் தனியாகக் கேரியை அனுப்பியிருக்க முடியாது.

சென்னைக்கு பாப்டிஸ்ட்கள் பல வழியாக வந்தார்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி சாமுவேல் டே 1837இல் சென்னைக்கு வந்து, 1840இல் நெல்லூருக்குப் போனார். அவர் தேடி வந்தது தெலுங்கு மக்களை. பல ஆண்டுகள் பலன் காணாத அந்த ஊழியத்தை மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்ப விவாதம் நடந்தது. மூடவில்லை. 1878இல் அதே மிஷனின் லைமன் ஜூவட் சென்னைக்கு வந்து தெலுங்கு பாப்டிஸ்ட் ஊழியத்தை இங்கே மறுபடி தொடங்கினார்.

தமிழ்ப் பகுதிக்கு வந்தது வேறொரு மிஷன். 1861இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சென்னையைச் சுற்றிப் பரங்கிமலை, பூந்தமல்லி ஆகிய இடங்களிலும், தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலும், பிறகு சேலம், நாமக்கல், சேந்தமங்கலம், கொல்லிமலை என்று மேற்கிலும் ஊழியம் செய்தது. பூந்தமல்லி அப்போது ராணுவக் குடியிருப்பு இருந்த ஊர். நோயிலிருந்து தேறும் பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தங்க வைத்த இடம். வருவதும் போவதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்த மிஷனைத் தாங்கியவை பெரும்பாலும் சிறிய சபைகள். முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினருக்கு மட்டுமே கர்த்தருடைய பந்தி என்று கண்டிப்பாக இருந்த சபைகள் அவை. அந்தக் கண்டிப்பு பந்திக்கு உரியது. அதை வாசற்படிக்கும் கொண்டுவந்துவிட்ட சபைகள் நம்மில் உண்டு. அது அந்த முன்னோரின் கருத்தல்ல. 1980இல் அந்த மிஷன் கிரேஸ் பாப்டிஸ்ட் மிஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கொல்லிமலைக் கதையை நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இந்தியா வந்தார். 1913இல் எவெலின் ஹாரிஸை மணந்து, மணம் முடிந்த கையோடு இருவரும் மலையேறினார்கள். மலேரியா நிறைந்த மலை. மருத்துவம் பார்த்தார்கள், பள்ளி வைத்தார்கள், மரவேலை கற்றுக் கொடுத்தார்கள். ஆண்டுகள் போயின, ஒருவர்கூட ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் மலைக்கும் வந்தது. சொந்தக்காரர்களே பக்கத்தில் வரப் பயந்த வீடுகளுக்கு இவர்கள் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனார்கள். அந்தக் காய்ச்சலில் விழுந்த ஒரு பூசாரி, சாகும் தறுவாயில், தன் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். இவர்களை எதிர்த்து நின்றவர் அவர். மலையின் சபை அங்கேதான் முளைவிட்டது.

இதில் மிஷனெரிகள் செய்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். மலை மக்கள் செய்ததைப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை. முன்பின் தெரியாத, தோல் நிறமும் பேச்சும் வேறான இருவரை அந்த மக்கள் தங்கள் மண்ணில் குடியிருக்க விட்டார்கள். சந்தேகப்பட்டாலும் விரட்டவில்லை. கடைசியில் தங்கள் குழந்தைகளையே கொடுத்தார்கள். வந்தவரை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன என்று அந்த மலையில் முதலில் காட்டியவர்கள், அப்போது கிறிஸ்தவர்களாக இல்லாதவர்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலில் இறந்து அந்த மலையிலேயே அடக்கமானார். எவெலின் அம்மையார், மிஷன் கணக்கில் ஓய்வு பெற வேண்டிய வயது வந்த பிறகும் ஊர் திரும்பாமல், பச்சைமலை, கல்ராயன், சித்தேரி என்று அடுத்தடுத்த மலைகளில் மட்டக்குதிரையில் சுற்றி ஊழியம் செய்து, 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார். 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியதை உலகம் அறியும்.

இன்னொரு வரலாறு நம் பக்கத்திலேயே இருந்தும் தமிழ்ச் சபைகளில் அதிகம் பேசப்படாதது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி ஜான் கிளவ், நம் சென்னையைத் தொட்டு ஓடுகிறதே அந்த பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் வேலையை ஒப்பந்தம் எடுத்து, பட்டினியில் கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். கஞ்சித் தொட்டிக்கு முன்னால் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அவர் காக்க வைத்தார். நிவாரணம் நடக்கும்வரை யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அவர் எண்ணம். நிவாரண வேலை முடிந்த பிறகுதான் 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லுகிற நாம், அதற்கு முன்பு அவர் காத்திருந்த மாதங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். 'ட்ரூரோ' என்ற கப்பல் முதல் தொகுதியை 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் நெல்லூர், ஓங்கோல் பக்கத்து பாப்டிஸ்ட் விசுவாசிகளும் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை. அவர்கள் பாஷையில் வேதம் வாசிக்கவும் பிணத்தை அடக்கம் செய்யவும் ஒரு போதகர் இல்லை. அந்த ஆட்களுக்காக நெல்லூர்ப் பக்கத்துச் சபைகள் சேர்ந்து, தங்கள் சொந்தத் தெலுங்கு பாப்டிஸ்ட் உள்நாட்டு மிஷன் வழியாக, ஜான் ரங்கையாவை அனுப்பின. 1903 ஜூனில் அவர் குடும்பத்தோடு நேட்டால் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் முதல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபை உருவானது. 1915இல் இறக்கும்வரை அங்கேதான் ஊழியம் செய்தார்.

அமெரிக்கப் பணத்தில் வாழும் சபைகள் என்று பெயர் எடுத்திருந்தவர்கள், மாலா, மாதிகா தெருக்களில் பிறந்தவர்கள், கடல் கடந்து மிஷனெரியை அனுப்பினார்கள். கூலிக்குப் போன தங்கள் ஆட்களைக் கைவிட மாட்டோம் என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பினார்கள். பாப்டிஸ்ட் உடன் ஊழியத்துக்கு ஓர் இந்திய முன்மாதிரி வேண்டுமென்றால் எனக்கு இதைவிடச் சிறந்தது தெரியாது.

இப்போது பூந்தமல்லிக்கு வருவோம். அன்று நம் ஆட்கள் கப்பலேறினார்கள்; இன்று பிறர் நம்மிடம் ரயிலேறி வருகிறார்கள். ஆவடியில் படை உடைத் தொழிற்சாலையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்த 1960களிலேயே ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் இந்தப் பகுதிக்கு வந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் அப்படியே. இந்த வட்டாரத்துச் சபைகளில் பலவும் அப்படி வந்தவர்களின் வீட்டு ஜெபக்கூட்டங்களாகத் தொடங்கியவைதான்: ஒரு குவார்ட்டர்ஸின் முன்னறை, பத்துப் பாய், ஒரு கஞ்சிரா. பிறகு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று கார் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தன. இன்று குமணன்சாவடி, கரையான்சாவடி, நசரத்பேட்டை, திருமழிசை வழியாக விடிகாலையில் ஓடும் கம்பெனி பஸ்களில் தருமபுரிப் பெண்ணும் இருப்பாள், ஒடிசாப் பெண்ணும் இருப்பாள். கட்டட வேலைக்கு பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம். உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் நாகா, மிசோ, மணிப்பூர்ப் பிள்ளைகள்.

2021 டிசம்பரில் பூந்தமல்லிக்கு அருகே ஒரு தொழிலாளர் விடுதியில் உணவு விஷமாகிப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் நமக்கு நினைவிருக்கும். அந்த விடுதிகளைக் கடந்துதான் நாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். உள்ளே எத்தனை பேர், எப்படி இருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை சபைகளுக்குத் தெரியும்?

வடகிழக்குப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாகாலாந்தில் சுவிசேஷம் 1870களின் தொடக்கத்தில் கோதுலா என்ற அசாமியர் வழியாக மலையேறியது; வெள்ளைக்கார மிஷனெரி கிளார்க் அவர் பின்னால்தான் வந்தார். மிசோரமில் லொரேன், சேவிட்ஜ் என்ற இருவர் 1894இல் ஐஸாலுக்கும், 1903இல் பாப்டிஸ்ட் ஊழியத்துக்காகத் தெற்கே லுங்லேக்கும் வந்தார்கள். இன்று அந்த மலைகளில் கிறிஸ்தவ சபை இல்லாத ஊரைத் தேட வேண்டும். மிசோ பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, சபைக்குக் கொடுத்து, அதிலிருந்து மிஷனெரிகளை அனுப்புகிறார்கள். நம் பிடியரிசிக் காணிக்கையின் உடன்பிறப்பு அது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை நம் சபைக்குள் நுழைந்தால் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம், அவள் கிறிஸ்தவளா என்று சந்தேகப்படுவது. 2012 ஆகஸ்டில் தாக்கப்படுவார்கள் என்று வதந்தி கிளம்பி, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மக்கள் கும்பல் கும்பலாக ரயிலேறியபோது, "போகாதீர்கள், எங்கள் வீட்டில் இருங்கள்" என்று சொல்லும் அளவுக்கு அவர்களை அறிந்த தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. 2023 மே மாதம் மணிப்பூர் இனக் கலவரத்தில் எரியத் தொடங்கியபோது இங்கே வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைகள் வீட்டுக்குத் தொலைபேசி கிடைக்காமல் தவித்தார்கள். அவர்களுக்குப் பணத்தைவிட முதலில் தேவைப்பட்டது, பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.

தமிழருக்குள்ளேயே வருகிறவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதமும் சரியில்லை. புதிய குடும்பம் ஒன்று வந்தால், ஆராதனை முடிந்ததும் கேட்கப்படும் கேள்வி: "உங்களுக்குச் சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வியில் சாதி தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு சில கைகள் இன்னும் இறுக்கமாகக் குலுக்கும், சில தளர்ந்துவிடும். சென்னை ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டுத் திருமழிசைக்கு அப்பால் குடப்பாக்கம் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் நம் சபைகளின் வாசலில் இதை உணர்ந்திருப்பார்கள். முழுக்கு ஞானஸ்நானத்தில் பழைய மனுஷன் அடக்கமாகிறான் என்று போதிக்கிற நாம், தண்ணீரிலிருந்து ஏறியவனிடம் தெருப் பெயரைக் கேட்கக் கூடாது. இதைப் போதகர்கள் பிரசங்க பீடத்திலிருந்தே கண்டித்துச் சொல்ல வேண்டும்.

புதியவர் வருவதை எண்ணிக்கையாகப் பார்க்கும் பழக்கம் இன்னொரு நோய். பக்கத்துத் தெரு பாப்டிஸ்ட் சபையில் மனத்தாங்கல் பட்ட இரண்டு குடும்பம் நம்மிடம் வந்தால் அதை எழுப்புதல் என்கிறோம். அது மந்தை இடம் மாறியது, அவ்வளவுதான். பழைய சபையின் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மாறுதல் கடிதம் பெற்றுச் சேர்ப்பது நம் முன்னோரின் ஒழுங்கு. அந்தக் கடிதம் குறைந்துபோனதும் சபைகளுக்கிடையே பேச்சும் குறைந்துபோனது. கிளவ் காத்திருந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மளிகைப் பையோடு துண்டுப் பிரதியை வைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு அவர் வந்தாரா என்று பார்ப்பதற்கு உபசரிப்பு என்று பேர் இல்லை. உதவி உதவியாகவே இருக்கட்டும். சுவிசேஷத்தை வெளிப்படையாக, தனியாக, வெட்கப்படாமல் சொல்வோம்.

சேர்ந்து செய்தால் முடியும் என்பதை இந்தப் பகுதி கண்டிருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, கரையோரம் வீடிழந்தவர்களுக்குத் தேவாலயக் கட்டடங்களும் கல்யாண மண்டபங்களும் பள்ளிகளும் ஒருசேரத் திறந்தன. எந்தச் சபை என்று அன்று யாரும் கேட்கவில்லை. 2020 ஊரடங்கில், கோயம்பேடு சந்தை திருமழிசைக்கு மாறிய அந்த மே மாதத்தில், நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்த வடநாட்டுத் தொழிலாளிகளுக்குச் சோறு கொடுத்த கைகளிலும் சபை வித்தியாசம் இல்லை. ஆபத்தில் சேருகிறோம்; ஆபத்து தீர்ந்ததும் அவரவர் கேட்டைப் பூட்டிக்கொள்கிறோம்.

அன்றாடத் தேவைகள் இருக்கின்றன, ஒரு சபையால் முடியாதவை. முதலாவது கல்லறை. தனிச் சபைகளில் பலவற்றுக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் இல்லை. கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளை நடத்தும் சென்னைக் கல்லறை வாரியத்தில் எல்லாச் சபைகளுக்கும் இடமில்லை. கீழ்ப்பாக்கத்திலோ நிலமே நிறைந்துவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்த விசுவாசி ஒருவர் கட்டட வேலையில் தவறி இறந்தால், ஊருக்குக் கொண்டுபோக வசதியில்லாத அந்தக் குடும்பம் எங்கே போகும்? பத்துச் சபைகள் சேர்ந்தால் ஒரு துண்டு நிலம் வாங்கலாம், அரசிடமும் சேர்ந்து கேட்கலாம். அடுத்தது திருமணம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, நம்மைப் போன்ற சபைகளில் உரிமம் பெற்ற போதகர்தான் திருமணத்தை நடத்திப் பதிவு செய்ய முடியும். சிறிய சபைகளுக்கும் பிறமொழிக் கூடுகைகளுக்கும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. உரிமம் உள்ள மூத்த போதகர் ஒருவர் நான்கு சபைகளுக்கு உதவலாம். பிறகு இடம். நம் கட்டடங்கள் ஞாயிறு பன்னிரண்டரைக்குப் பூட்டப்பட்டு அடுத்த ஞாயிறு திறக்கின்றன. மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஹிந்தி ஆராதனைக்கோ நாகா ஐக்கியத்துக்கோ வாடகை கேட்காமல் சாவியைக் கொடுப்பதற்கு எந்த உபதேசமும் தடையில்லை. ஷிப்டு முடித்து வரும் பெண்களுக்கு ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை பயன்படாது. அவர்களுக்கு ஒரு புதன்கிழமை மாலை வேண்டும், விடுதி நேரத்துக்குள் கொண்டுபோய் விட ஒரு வேன் வேண்டும். இதையும் ஒரு சபை செய்தால் சுமை. ஐந்து சபை முறை வைத்துச் செய்தால் மாதத்துக்கு ஒரு நாள்தான் வரும்.

சுயாட்சியை விட்டுக்கொடுக்க நான் யாரையும் கேட்கவில்லை. ஸ்தல சபையின் சுதந்திரத்துக்காக நம் முன்னோர் சிறை சென்றிருக்கிறார்கள். அது பேரம் பேசும் பொருளல்ல. அந்தச் சுதந்திரத்தைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. நேட்டாலுக்கு ரங்கையாவை அனுப்பியவர்கள் அதைக் கொண்டு ஒரு காரியம் செய்தார்கள்.

ஆகவே இந்த மலரை வாங்குகிற போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் உதவிக்காரர்களுக்கும், பெண்கள் ஐக்கியத்துத் தாய்மாருக்கும் ஒரு விண்ணப்பம். விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு, முன்னோர் செய்ததுபோலவே மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை, பூந்தமல்லி வட்டாரத்து பாப்டிஸ்ட் சபைகள் ஏதேனும் ஒரு சபையில் கூடி ஜெபியுங்கள். ஒவ்வொரு சபையும் அந்த மாதம் தன் வாசலுக்குப் புதிதாக வந்தவர்களின் மொழியையும் வேலையையும் தேவையையும் எழுதிக்கொண்டு வரட்டும். சொந்த ஊரின் தெருவை எழுத வேண்டாம். முதல் கூட்டத்திலேயே கல்லறை நிலத்துக்கான காணிக்கையைத் தொடங்குங்கள். கெட்டரிங்கில் தொடங்கிய தொகையைவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ரசீது போட்டு வாங்குங்கள்.